ஒரு டேங்க் பெட்ரோலில் எவ்வளவு தூரம்? செல்தொலைவும் எரிபொருள் சிக்கனமும் ஓர் எளிய அறிமுகம்

தைப்பூசத்திற்குக் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பத்துமலைக்குக் காரில் போய்வரத் திட்டமிட்டிருந்த என் அக்காள் மகன், ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டுகூட நிறைவடையாதவன், என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, என் நண்பனோட கார் ஒரு டேங்குக்கு 700 கிலோமீட்டர் ஓடுதாம். என்னோடது 560தான் ஓடுது. என் கார்ல ஏதாவது கோளாறு இருக்குமா?" கோளாறு எதுவும் இல்லை. நண்பனின் காரில் இருக்கும் டேங்க் 60 லிட்டர் கொள்ளும். இவனுடைய காரின் டேங்க் 42 லிட்டர்தான் கொள்ளும். வகுத்துப் பார்த்தால் நண்பனின் கார் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டரும் இவனுடைய கார் 13.3 கிலோமீட்டரும் ஓடுகின்றன. குறைவாக ஓடுகிறது என்று அவன் கவலைப்பட்ட கார்தான் உண்மையில் சிக்கனமானது.

இந்தக் குழப்பம் அவனுக்கு மட்டும் உரியதன்று. காப்பிக்கடை மேசையிலும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலும், உறவினர் வீட்டு விருந்திலும் கார்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "ஒரு டேங்குக்கு எவ்வளவு ஓடுது?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதும், ஊற்றிய பெட்ரோல் உண்மையில் எங்கே செலவாகிறது என்று விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம். இதைப் புரிந்துகொள்ள இயந்திரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அரிசி மூட்டையும் அன்றாடச் சமையலும்

ஒரு மூட்டை அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று யாராவது கேட்டால், நாம் உடனே இரண்டு எதிர்க்கேள்விகளைக் கேட்போம். மூட்டை ஐந்து கிலோவா, பத்துக் கிலோவா? வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி வடிக்கிறீர்கள்? இவ்விரண்டும் தெரியாமல் விடை சொல்ல முடியாது. பத்துக் கிலோ மூட்டை வாங்கும் வீடு இருபது நாள் சமாளிக்கிறது என்பதால், ஐந்து கிலோ மூட்டையில் பதினைந்து நாள் ஓட்டும் வீட்டைவிட அது சிக்கனமான வீடு என்று யாரும் சொல்ல மாட்டோம்.

காரிலும் கணக்கு இதுவே. மூட்டையின் அளவு டேங்கின் கொள்ளளவு. அன்றாடம் வடிக்கும் அரிசி, கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எரிக்கும் பெட்ரோல். மூட்டை எத்தனை நாள் வரும் என்பது, டேங்க் நிறைந்திருக்கும்போது கார் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒப்பானது. இந்தத் தூரத்தைச் செல்தொலைவு என்று குறிப்பிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு குறைந்த பெட்ரோலில் கடக்க முடிகிறது என்பதை எரிபொருள் சிக்கனம் என்கிறேன். நம்மவர் பேச்சில் 'மைலேஜ்' என்று வருவது பெரும்பாலும் இதுதான். சிக்கனமே இல்லாத காருக்கும் பெரிய டேங்க் பொருத்தினால் செல்தொலைவு கூடிவிடும். ஆகவே செல்தொலைவை வைத்துக் காரை மதிப்பிடுவது மூட்டையின் பருமனைப் பார்த்துக் குடும்பத்தின் சிக்கனத்தைச் சொல்வதற்குச் சமம்.

ஒரே சிக்கனத்தைச் சொல்லும் இரு முறைகள்

சிக்கனத்தை 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று சொல்வது நமக்குப் பழகிப்போன முறை. ஆனால் சிங்கப்பூரில் புதிய கார் விற்பனைக் கூடங்களில் ஒட்டப்பட்டிருக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எரிபொருள் சிட்டையில் '100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்' என்றே அச்சிடப்பட்டிருக்கும். முதல் முறையில் எண் பெரிதாக இருந்தால் நல்லது. இரண்டாவது முறையில் சிறிதாக இருந்தால் நல்லது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் என்பது 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர்.

எது வசதியோ அதைப் பயன்படுத்தலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற முறை நம் கண்ணை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு, அதைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஒருவர் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் காரை விற்று 10 கிலோமீட்டர் ஓடும் காரை வாங்குகிறார். இன்னொருவர் 16 கிலோமீட்டர் ஓடும் காரை விற்று 20 கிலோமீட்டர் ஓடும் காரை வாங்குகிறார். இரண்டாமவருக்கே அதிக மிச்சம் என்று பலரும் சொல்வார்கள், ஏனென்றால் அவருக்கு நான்கு கூடியிருக்கிறது, முதலாமவருக்கு இரண்டுதான். இப்போது 100 கிலோமீட்டருக்குக் கணக்கிடுவோம். முதலாமவரின் செலவு 12.5 லிட்டரிலிருந்து 10 லிட்டராகக் குறைகிறது, மிச்சம் 2.5 லிட்டர். இரண்டாமவரின் செலவு 6.25 லிட்டரிலிருந்து 5 லிட்டராகக் குறைகிறது, மிச்சம் 1.25 லிட்டர் மட்டுமே. அதிகம் குடிக்கும் காரைச் சிறிது திருத்துவது, ஏற்கெனவே சிக்கனமான காரை மேலும் சிக்கனமாக்குவதைவிடக் கூடுதல் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. அதனால்தான் சிட்டையில் இருக்கும் முறையையே நான் விரும்புகிறேன். அது செலவை நேரடியாகச் சொல்கிறது.

அதே சிட்டையில் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமில வாயு என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அதைத் தனிச் செய்தியாகக் கருத வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் எரிக்கும் கார் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 138 கிராம் வெளியிடும். ஒன்று தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். மேலும், அந்த எண்கள் ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, வரையறுக்கப்பட்ட வேகங்களில், ஏர்கானை அணைத்துவைத்து அளக்கப்படுபவை. ஆண்டு முழுவதும் ஏர்கானோடு ஓட்டும் நம் ஊரில் சாலையில் கிடைக்கும் எண் அதைவிடச் சற்று மோசமாக இருப்பது இயல்பே. அதை ஏமாற்று என்று கொள்ள வேண்டாம். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அந்தச் சிட்டை நம்பத்தக்க கருவி.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: செல்தொலைவு என்பது டேங்கின் கொள்ளளவையும் எரிபொருள் சிக்கனத்தையும் பெருக்கினால் வருவது. கொள்ளளவு காரை வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சிக்கனம் மட்டுமே சாலையில் மாறுகிறது.

டேங்கும் மானியின் முள்ளும்

'டேங்கில் பாதி இருக்கிறது' என்று நாம் சொல்வது மானியின் முள்ளை நம்பித்தான். அந்த முள் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால், அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் டேங்கிலும் அதே போன்ற ஒரு மிதவை ஒரு கம்பியின் முனையில் இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும். அதற்கேற்ப ஒரு மின்தடையின் அளவு மாறும். அந்த மாற்றமே முள்ளை நகர்த்துகிறது.

இந்த ஏற்பாட்டில் சில இயல்பான குறைகள் உள்ளன. டேங்க் நிறைந்திருக்கும்போது மிதவை அது எட்டக்கூடிய உச்சத்தில் நின்றுவிடுவதால், முதல் சில லிட்டர் செலவாகும்வரை முள் அசைவதில்லை. டேங்கும் சீரான பெட்டி வடிவில் இருப்பதில்லை. பின்னிருக்கைக்கு அடியில் கிடைக்கும் இடத்திற்கேற்ப வளைந்து நெளிந்திருக்கும். ஆகவே முள் மேல் பாதியைக் கடக்கும்போது செலவாகும் லிட்டரும் கீழ்ப் பாதியைக் கடக்கும்போது செலவாகும் லிட்டரும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'முதல் பாதி 300 ஓடியது, அடுத்த பாதி 230தான் ஓடியது' என்று வருந்துபவர்களின் காரில் பெரும்பாலும் பழுது இருப்பதில்லை. முள்ளின் இயல்புதான் அது.

அடிமட்டத்திலும் சிறிது மறைவான கையிருப்பு உண்டு. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்போது பல கார்களில் ஐந்து முதல் எட்டு லிட்டர்வரை மீதமிருக்கும். அதைச் செல்தொலைவில் சேர்த்துக் கணக்கிடுவது நல்லதன்று. பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் இன்றைய கார்களில் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோலே. அடிக்கடி வற்றும்வரை ஓட்டினால் பம்ப் சூடேறி விரைவில் தேய்ந்துபோகும், அதை மாற்றும் செலவோ சிறியதன்று.

சில கார்களின் திரையில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று ஓர் எண் தெரியும். அது எதிர்காலத்தை அறிந்து சொல்வதில்லை. மீதமிருக்கும் லிட்டரை, அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தின் சிக்கனத்தால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தால் அந்த எண் மளமளவென்று இறங்கும். ஜோகூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் சீராக ஓடத் தொடங்கியதும், பெட்ரோல் ஊற்றாமலேயே எண் ஏறுவதையும் காணலாம்.

கடற்பாலம் என்றதும் முக்கால் டேங்க் விதியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரில் பதிவான கார்கள் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடி வழியாக வெளியேறும்போது டேங்கில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் அரை டேங்க் என்று தொடங்கிய இவ்விதி 1991இல் முக்கால் டேங்காக உயர்த்தப்பட்டது. பெட்ரோல் வரியைத் தவிர்ப்பதற்காகவே எல்லை தாண்டிப் போய் ஊற்றிவருவதைத் தடுப்பது அதன் நோக்கம். அந்த வரி இப்போது லிட்டருக்கு, உயர்வகைப் பெட்ரோலுக்கு 79 காசும் மற்ற வகைகளுக்கு 66 காசுமாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த அளவு இது. விதியை மீறினால் 500 வெள்ளிவரை அபராதம் செலுத்த நேரலாம், காரைத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். அதிகாரிகள் பார்ப்பது மானியின் முள்ளை என்பதால், முள் கோட்டை ஒட்டி நின்றால் தயங்காமல் ஊற்றிக்கொண்டு போவதே சரி.

பெட்ரோல் எங்கே போகிறது?

இனி கட்டுரையின் மையத்திற்கு வருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் அதே அலகுதான் இது. இரண்டு கிலோவாட் மின்கெண்டி ஒன்றை நான்கரை மணி நேரம் நிறுத்தாமல் கொதிக்கவிடுவதற்குச் சமமான ஆற்றல், ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு பெட்ரோலுக்குள் இருக்கிறது. ஆனால் அன்றாட ஓட்டத்தில் அதில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரங்களைச் சென்றடைகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது.

இவ்வளவு வீணாவதற்கு ஒரு காரணம், எஞ்சின் தன் முழு வலிமையை மிக அரிதாகவே பயன்படுத்துகிறது என்பது. நடுத்தரக் கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் சீராகச் செல்ல 10 கிலோவாட்டுக்கும் குறைவான திறனே தேவை. எஞ்சினோ 80, 90 கிலோவாட் தரவல்லது. ஒரே ஒரு முட்டை பொரிப்பதற்குக் கல்யாண அடுப்பை மூட்டியதுபோல, சிறிய வேலைக்குப் பெரிய எஞ்சின் எரிகிறது. மெல்ல ஊரும்போது இந்த வீண் இன்னும் கூடும்.

சக்கரத்தை எட்டிய அந்தக் கால் பங்கைப் பகிர்ந்துகொள்பவை மூன்று. முதலாவது டயர். காற்றடைத்த டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி நசுங்கி மீள்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. இதை உருளல் தடை என்பார்கள். பேரங்காடித் தள்ளுவண்டியைப் பளிங்குத் தரையில் தள்ளுவதற்கும் கம்பளத்தின்மேல் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது காற்று. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடற்காற்றை எதிர்த்து மிதிவண்டி ஓட்டியவர்களுக்குக் காற்றுத் தடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதன் தன்மையில் கவனிக்க வேண்டியது ஒன்று: வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. நகரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது பொருட்டே இல்லை. 90ஐத் தொடும்போது காற்றுத் தடை உருளல் தடையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

மூன்றாவது பிரேக். பலர் எண்ணிப் பார்க்காத இந்தச் செலவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். நிற்கும் காரை 60 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவரப் பெட்ரோல் செலவாகிறது. அந்தப் பெட்ரோலின் பயன் காரின் ஓட்டத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. இதை இயக்க ஆற்றல் என்பர். காலை எடுத்துவிட்டு உருளவிட்டால் அந்தச் சேமிப்பைக் கொண்டே கார் இன்னும் வெகுதூரம் போகும். பிரேக்கை மிதித்தால் அது முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். 1,300 கிலோ எடையுள்ள கார் ஒருமுறை 60லிருந்து பிரேக் போட்டு நிற்கும்போது வீணாகும் ஆற்றலைப் பெட்ரோலாக மாற்றிக் கணக்கிட்டால், எஞ்சினின் கால் பங்குத் திறனையும் சேர்த்து, சுமார் 22 மில்லிலிட்டர் வருகிறது. நான்கு தேக்கரண்டிக்கும் சற்று மேல். பச்சை விளக்கிலிருந்து பாய்ந்து, அடுத்த சிவப்பு விளக்கில் அழுத்தி நிறுத்தி, மீண்டும் பாயும் ஒருவர் வேலையிடம் போய்ச் சேர்வதற்குள் இருபது முறை இப்படி நின்றால், ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் பெட்ரோலைப் பிரேக்கில் கொட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரியும்படி ஒருவர் அதைச் சாலையில் ஊற்றினால் நாம் பதறிப்போவோம்.

சுருக்கமாக: வெப்பமாக வெளியேறுவதை நாம் பெரிதாக மாற்ற முடியாது, அது எஞ்சினை வடிவமைப்பவர்களின் வேலை. டயர், காற்று, பிரேக் ஆகிய மூன்றில் எது அதிகம் உண்கிறது என்பது ஓட்டும் இடத்தைப் பொறுத்தது. நகரத்தில் பிரேக், நெடுஞ்சாலையில் காற்று.

நகரச் சாலையும் நெடுஞ்சாலையும்

'வேகமாகப் போனால் மைலேஜ் கூடும்' என்று சிலர் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் ஊர்ந்த கார் தீவு விரைவுச்சாலையில் ஏறியதும் அதன் சிக்கனம் தெளிவாகக் கூடுகிறது. ஆனால் கூடுவதற்குக் காரணம் வேகமன்று; நிற்காமல் ஓடுவது. பிரேக்கின் செலவு நீங்கிவிடுகிறது, சும்மா நின்று எரியும் நேரமும் நீங்கிவிடுகிறது. அதற்குமேல் வேகத்தைக் கூட்டினால் காற்று தன் பங்கை வாங்கத் தொடங்கிவிடும். பெரும்பாலான கார்களுக்குச் சுமார் 60 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான சீரான ஓட்டமே மிகச் சிக்கனமானது.

சிங்கப்பூரில் விரைவுச்சாலைகளின் வேக வரம்பு பொதுவாக 70 முதல் 90 வரை இருப்பதால் நாம் அந்த எல்லையை அதிகம் தாண்டுவதில்லை. மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. 90லிருந்து 110க்கு உயர்ந்தால் காற்றுத் தடை ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. 330 கிலோமீட்டர் தூரத்தை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 3 மணி 18 நிமிடம் ஆகும். 110இல் 3 மணி நேரம். அந்த 18 நிமிடத்திற்காகக் காற்றுத் தடையில் 21 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறோம். எது வேண்டும் என்பதை ஓட்டுபவர் அறிந்து முடிவு செய்யலாம். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் கூடுதல் இன்னும் அதிகம். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிவைக்க வேண்டும், மாதக்கணக்கில் வெறும் பெட்டியைச் சுமந்து ஓடும் கார்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

ஓட்டுபவரின் காலில் இருப்பது

சிக்கனமாக ஓட்டுவது என்றால் ஆமைபோல ஓட்டுவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மிக மெதுவாக வேகம் எடுப்பதால் பெரிய மிச்சம் ஏதுமில்லை. இயல்பான வேகத்தில் எடுத்துச் சீராகப் பிடித்துக்கொள்வதே போதும். மிச்சம் இருப்பது பார்வையில். இரண்டு, மூன்று கார்களுக்கு அப்பால் என்ன நடக்கிறது, தூரத்து விளக்கு எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டே சென்றால், சிவப்பைக் கண்டதும் முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு உருளலாம். விளக்கை அடைவதற்குள் பச்சை விழுந்துவிட்டால், சேமித்த இயக்க ஆற்றல் கையில் அப்படியே இருக்கும். முன்னால் போகும் காரோடு போதிய இடைவெளி விடுவதும் இதற்காகவே. ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர், முன்னால் போகிறவர் மிதிக்கும் ஒவ்வொரு பிரேக்கையும் தாமும் மிதிக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்த வேண்டும். இறக்கத்திலோ சிவப்பு விளக்கை நெருங்கும்போதோ கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கார்புரேட்டர் காலத்துக் கார்களுக்கு அதில் ஓரளவு உண்மை இருந்தது. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை முழுவதும் எடுத்துவிட்டால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடுகிறது. உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்து, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் பெட்ரோலை எரித்துக்கொண்டே இருக்கும். நின்றுபோக வேண்டிய இடத்தை நெருங்கும்போது நியூட்ரல் செலவைக் கூட்டுகிறது. கட்டுப்பாட்டைக் குறைப்பதால் அது ஆபத்தானதும்கூட.

நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இன்னொரு செலவு. 1.6 லிட்டர் எஞ்சின் சும்மா நிற்கும்போது மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும், ஏர்கானும் ஓடினால் அது ஒரு லிட்டரை நெருங்கும். அத்தனை நேரமும் கார் ஓடிய தூரம் சுழியம். பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்துப்போக வந்து, எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரம் காத்திருப்பவர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். போக்குவரத்துக் காரணமின்றி நிறுத்திவைத்த காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஏர்கானை விட்டுவிடுங்கள் என்று இந்த வெப்பத்தில் யாரிடமும் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வெப்பக்காற்றை வெளியேற்றிவிட்டு ஏர்கானைப் போட்டால் அதன் வேலை குறையும். விரைவுச்சாலையில் சன்னல்களைத் திறந்து ஓட்டுவது காற்றுத் தடையைக் கூட்டுவதால், அங்கே ஏர்கானே மேல். டயர்களில் காற்றை மாதம் ஒருமுறை, கார் அதிக தூரம் ஓடிச் சூடேறுவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவின் உட்சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை, ஐந்து நிமிடம் போதும்.

பெட்ரோல் நிலையத்தில் கேட்கும் சில சொற்கள்

'98 ஊற்றினால் அதிகம் ஓடும்' என்பது அடிக்கடி கேட்பது. 92, 95, 98 என்பவை ஆக்டேன் எண்கள். எஞ்சினுக்குள் அழுத்தப்படும்போது பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன் தானாகவே வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுபவை. அதில் அடங்கியிருக்கும் ஆற்றலை அவை காட்டுவதில்லை. 95 போதும் என்று தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியிருந்தால், 98க்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஈடான கூடுதல் தூரத்தை எதிர்பார்க்க இயலாது. கையேடு 98 கேட்டால் மட்டும் கொடுக்கத்தான் வேண்டும்.

காலையில் ஊற்றினால் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் என்பதும் பயன் தராத யோசனை. பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே விரிகிறது, நிலையத்தின் சேமிப்புத் தொட்டிகளோ நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எடை குறையட்டும் என்று எப்போதும் பாதி டேங்கில் ஓட்டுபவர்கள் 50 லிட்டர் டேங்கில் சுமார் 19 கிலோவைத்தான் குறைக்கிறார்கள். காரின் எடையில் அது ஒன்றரை விழுக்காடு. குழாய் தானாக நின்ற பிறகும் மேலும் அழுத்தி நிரப்புவது தீங்கானது. டேங்கில் ஆவிக்கென விடப்பட்டிருக்கும் வெளியில் பெட்ரோல் புகுந்து, ஆவியைப் பிடித்துவைக்கும் கரிவடிகட்டியைக் கெடுத்துவிடும்.

ஹைபிரிட் கார் என்ன செய்கிறது?

மேலே பிரேக்கைப் பற்றிச் சொன்னது புரிந்திருந்தால் ஹைபிரிட் காரும் புரிந்துவிடும். அதில் பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் மின்கலமும் இருக்கின்றன. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, வெப்பமாகியிருக்க வேண்டிய இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்க்கிறது. அடுத்த முறை காரை நகர்த்த அதுவே உதவுகிறது. நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. கல்யாண அடுப்பை மூட்டும் சிறு வேலைகளை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. நின்று நின்று ஓடும் சிங்கப்பூர்ச் சாலைகளில் வாடகை கார் ஓட்டுநர்கள் பலர் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். ஆனால் நெடுஞ்சாலையில் பல மணி நேரம் பிரேக்கே தொடாமல் ஓடினால் மீட்டெடுப்பதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது. அங்கே சாதாரணக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது.

சிக்கனத்தின் எல்லை எதுவரை போகும் என்று அறிய விரும்புவோர்க்கு ஒரு செய்தி. மாணவர்கள் தாங்களே உருவாக்கிய வண்டிகளில் மிகக் குறைந்த எரிபொருளில் மிக அதிக தூரம் ஓட்டும் ஷெல் இக்கோ மாரத்தான் போட்டியின் ஆசியச் சுற்று 2017, 2018 ஆண்டுகளில் சாங்கி கண்காட்சி நிலையத்தில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய பாக்-கார் இரண்டு என்ற ஹைட்ரஜன் வண்டி, 2005இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றலில் 5,385 கிலோமீட்டர் ஓடும் அளவை எட்டியது. ஒருவர் படுத்தபடி ஓட்டும் அந்த வண்டியில் நாம் குடும்பத்தோடு போக முடியாது. ஆனால் அதில் நடந்ததெல்லாம் மேலே கண்ட மூன்றையும் குறைத்ததே: மெல்லிய, கெட்டியான டயர்கள், காற்றைக் கிழிக்கும் உருவம், எடை குறைந்த உடல், பிரேக்கே தேவைப்படாத சீரான ஓட்டம்.

உங்கள் காரின் உண்மையான எண்

திரையில் தெரியும் சராசரியை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளலாம். குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, பயண மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே நிலையத்தில் மீண்டும் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் உங்கள் எண் கிடைக்கும். ஒரு முறை அளப்பதில் பிழை இருக்கும். நான்கைந்து முறை அளந்து சராசரி காணுங்கள்.

அக்காள் மகனும் இப்படி அளந்தான். பிறகு இருவரும் உட்கார்ந்து பத்துமலைப் பயணத்தைக் கணக்கிட்டோம். துவாஸில் முக்கால் டேங்கோடு கிளம்பினால் 31.5 லிட்டர். எச்சரிக்கை விளக்குக்குக் கீழே இருப்பதை 6 லிட்டர் என்று ஒதுக்கினால் செலவழிக்கக்கூடியது 25.5 லிட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று அடக்கமாக வைத்துக்கொண்டால் 357 கிலோமீட்டர். பத்துமலை சுமார் 350. கணக்கு சரியாக இருந்தாலும், தைப்பூச நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலே அந்த ஏழு கிலோமீட்டர் கரைந்துவிடும். ஆகவே இங்கேயே முழு டேங்க் நிரப்பிக்கொள்வது, அல்லது வழியில் ஆயர் கெரோ ஓய்வுத்தளத்தில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது பத்து லிட்டர் ஊற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். மலேசியாவில் மானிய விலை 95ஐ வெளிநாட்டுக் கார்களுக்கு விற்கக்கூடாது என்பதால், அங்கே 97 என்று எழுதியிருக்கும் குழாயைத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் அவன் குறித்துக்கொண்டான்.